அணைப்புக்கு ஏங்குவது விசுவாசக் குறைவா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 41 வயது வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக் குடும்பம். கணவர் ஆசிரியர், சபைக் காரியங்களில் முன்நிற்பவர். குடியோ, கை நீட்டும் பழக்கமோ இல்லாதவர். எட்டாம் வகுப்பில் ஒரு மகன். ஏழு மாதத்துக்கு முன் வாசகியின் அம்மா இறந்துவிட்டார். "வாரம் தவறாமல் என் தலைக்கு எண்ணெய் தேய்த்து, நெற்றியில் கைவைத்து ஜெபித்தது அம்மா ஒருத்திதான். நான் பெரியவளான நாளிலிருந்து அப்பா என்னைத் தொட்டதே இல்லை. கணவர் இரவில் தவிர மற்ற நேரத்தில் என் கையைக்கூடப் பிடிக்க மாட்டார். கேட்டால், 'அதெல்லாம் மாம்ச இச்சை, விசுவாசிக்கு அழகல்ல' என்கிறார்" என்று எழுதியிருக்கிறார். அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மூத்த அக்கா ஒருவர் ஒன்றும் பேசாமல் இவரைக் கட்டிக்கொண்டாராம். அன்றுதான் வாய்விட்டு அழ முடிந்தது, ஆண்டவரே அணைத்துக்கொண்டதுபோல் இருந்தது என்கிறார். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கண் அந்த அக்காவையே தேடுகிறது. "தேவனுடைய அன்பு எனக்குப் போதவில்லையா? மனுஷருடைய கையைத் தேடுவது விசுவாசக் குறைவுதானே?" என்பது அவருடைய கேள்வி.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. தெரு முனையில் ஒரு வீட்டில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கு வெளியூர் ஊழியர் ஒருவர் வருகிறார். தலையில் கைவைத்து ஜெபித்ததும் பலர் விழுகிறார்கள், அழுகிறார்கள். இவருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "உனக்குள் தடை இருக்கிறது" என்று சொல்லி, உள் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தி ஜெபித்திருக்கிறார் அந்த ஊழியர். கை தலையிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து முதுகுக்கும் போயிருக்கிறது. விலகியதும், "தேவ அன்பின் தொடுதலை நீ தடுக்கிறாய்" என்றிருக்கிறார். அடுத்த முறை விடுதலை ஜெபத்துக்குத் தனியாக வரச் சொல்லியிருக்கிறார். போகலாமா என்று கேட்கிறார் வாசகி. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். போகாதீர்கள். தனியாகவும் போக வேண்டாம், துணையோடு அந்த உள் அறைக்கும் போக வேண்டாம். நீங்கள் விலகியது சரியான காரியம். அந்த நேரத்தில் உங்களுக்குள் எழுந்த கூச்சத்தை "தடை" என்று அவர் பெயரிட்டார். நான் அதை எச்சரிக்கை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பெண் விலகிய பிறகு, அந்த விலகலையே அவளுடைய ஆவிக்குரிய குறையாகச் சொல்லி, கதவைச் சாத்தி மறுபடியும் தனியாக அழைக்கிறவரை நம்ப எனக்கு மனம் வரவில்லை. அவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்று கடிதத்தைப் படித்து என்னால் சொல்ல முடியாது. அது தெரியாமலேயே இந்த முடிவை எடுக்கலாம்.

கைகளை வைத்து ஜெபிப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. எருசலேமில் ஏழு பேரைத் தெரிந்தெடுத்தபோது அப்போஸ்தலர் அவர்கள்மேல் கைகளை வைத்து ஜெபித்தார்கள். அந்தியோகியாவில் பர்னபாவையும் சவுலையும் அப்படித்தான் அனுப்பினார்கள். கவனித்துப் பாருங்கள், இரண்டுமே சபையார் முன்னிலையில் நடந்தவை. "ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே" என்று தீமோத்தேயுவுக்கு பவுல் எழுதியது ஊழியத்துக்கு ஆட்களை நியமிப்பது பற்றி என்றாலும், கைவைப்பது பொறுப்போடு செய்ய வேண்டிய காரியம் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. அதே அதிகாரத்தில்தான் பாலிய ஸ்திரீகளை, அதாவது இளம் பெண்களை, "எல்லாக் கற்புடன்" சகோதரிகளைப்போலப் பாவிக்கச் சொல்கிறார்.

இயேசு உதவிய விதத்தையும் பாருங்கள். எரிகோவில் பர்திமேயு குருடன் என்பது எல்லோருக்கும் தெரியும், அவன் என்ன கேட்பான் என்பதும் தெரியும். இருந்தும், "நான் உனக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறாய்" என்று கேட்கிறார். பெதஸ்தா குளத்தருகே படுத்திருந்த, 38 வருஷம் வியாதியாயிருந்தவனிடமும் முதலில் கேள்விதான். உங்களிடம் அந்த ஊழியர் ஏதாவது கேட்டாரா? தோளில் கை வைக்கட்டுமா என்றாவது கேட்டாரா? கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

உங்களுக்கு இருக்கும் வழிகள்

இனி அந்தக் கூட்டத்துக்கே போகாமல் இருந்துவிடலாம். உங்கள் பாதுகாப்புக்கு அது போதும். ஆனால் அந்த வீட்டுக்கு வாலிபப் பெண்களும் வருகிறார்கள், அவர்களுக்கும் தனி ஜெபம் நடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஒருவரிடமாவது சொல்லுங்கள் என்பேன். யாரிடம்? முதலில் அந்த மூத்த அக்காவிடம். அப்புறம் அவரைக் கூட்டிக்கொண்டு உங்கள் சேகர ஐயரிடமோ (சபைப் போதகர்) ஐயரம்மாவிடமோ போகலாம். வெளி ஊழியர்மேல் ஐயருக்கு நேரடி அதிகாரம் கிடையாதுதான். ஆனாலும் சபைக் குடும்பங்களை எச்சரிக்க அவரால் முடியும்.

இதில் சிக்கல் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். "ஊழியக்காரர்மேல் பழி போடுகிறாள்" என்ற பேச்சு வரலாம். கூட்டம் நடத்தும் வீட்டார் முகம் திருப்பிக்கொள்ளலாம். அதனால் பேசுவதற்கு முன் நடந்ததை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: தேதி, நேரம், யார் வெளியே இருந்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகள். போனில் செய்தி அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள். சொல்லும்போது நடந்ததை மட்டும் சொல்லுங்கள், அவருடைய நோக்கத்தை விளக்கப் போகாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 74ஆவது பிரிவு, ஒரு பெண்ணின் மானத்துக்குக் குந்தகம் செய்யும் நோக்கத்தோடு அவள்மேல் பலத்தைப் பிரயோகிப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனை 1 முதல் 5 ஆண்டு சிறை. விருப்பமில்லாத பாலியல் தொடுதல் 75ஆவது பிரிவில் வருகிறது. ஜெபம் என்ற பெயரில் நடந்தது என்பதற்காகச் சட்டத்தில் விலக்கு எதுவும் இல்லை. நீங்கள் எழுதிய அளவுக்கு நடந்தது இந்தப் பிரிவுகளுக்குள் வருமா என்பதை ஒரு வழக்கறிஞர்தான் உங்களிடம் பேசிச் சொல்ல முடியும். நோக்கத்தை நிரூபிப்பது எளிதல்ல. பெண்கள் உதவி எண் 181இல் பெயர் சொல்லாமலும் ஆலோசனை கேட்கலாம். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை யாராவது இதுபோன்ற ஒன்றை உங்களிடம் சொன்னால் மட்டும் யோசித்துக்கொண்டிருக்க இடமில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098.

கணவரிடம் சொல்வதா வேண்டாமா என்று தயங்குகிறீர்கள். சொல்வது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் "நீ ஏன் அங்கே போனாய்" என்று ஆரம்பிப்பாரோ என்ற பயம் இருந்தால், அக்காவிடம் பேசிய பிறகு, அவர் உடன் இருக்கும்போது சொல்லுங்கள்.

சரி, இனி உங்கள் பெரிய கேள்வி.

தேவ அன்பு போதாததாலா இந்த ஏக்கம்?

12 வருஷம் பெரும்பாடுள்ள (தீராத இரத்தப்போக்குள்ள) ஸ்திரீயை உங்களுக்கு நன்றாகத் தெரியும், ஞாயிறு பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். லேவியராகமச் சட்டப்படி அவள் தீட்டுள்ளவள். அவளைத் தொட்டவரும், அவள் உட்கார்ந்த இடத்தைத் தொட்டவரும் தீட்டுப்படுவார்கள். அப்படியென்றால் 12 வருஷம் அவள்மேல் யாருடைய கையும் தயக்கமில்லாமல் பட்டிருக்காது. அவள் கூட்டத்துக்குள் புகுந்து வந்து, "அவருடைய வஸ்திரங்களையாகிலும் தொட்டால்" போதும் என்று நினைத்துத் தொட்டாள். பிறகு பயந்து நடுங்கி நின்றாள். அவளைப் பார்த்து இயேசு, "தொட வேண்டுமா, விசுவாசித்தால் போதாதா" என்று கேட்கவில்லை. "மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்றார். அவள் கை நீட்டியதையே விசுவாசம் என்று எடுத்துக்கொண்டார்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நூற்றுக்கு அதிபதி என்ற ரோமப் படைத்தலைவன் நிற்கிறான். என் வீட்டுக்குள் நீர் வரக்கூட வேண்டாம், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றவன். அவனுடைய விசுவாசத்தையும் இயேசு மெச்சினார். தொட்டே ஆக வேண்டும் என்று வந்தவளும், தொடவே வேண்டாம் என்றவனும் அவரிடம் ஒரே மாதிரிதான் ஏற்கப்பட்டார்கள். நீங்கள் அவளைப்போல இருக்கிறீர்கள். உங்கள் கணவர் ஒருவேளை அவனைப்போல இருக்கலாம். இதில் யாருக்கும் விசுவாசம் குறைவு என்று சொல்ல நான் துணிய மாட்டேன்.

குஷ்டரோகியிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே போதுமாக இருந்திருக்கும். பத்துக் குஷ்டரோகிகளை அவர் தூரத்திலிருந்து பேசியே அனுப்பியிருக்கிறார். ஆனால் மாற்கு முதல் அதிகாரத்தில், "மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொட்டு"ப் பேசுகிறார். முதலில் தொடுகிறார், அப்புறம்தான் "சுத்தமாகு" என்கிறார். அந்த மனிதன் இன்னும் நோயாளியாக இருக்கும்போதே அந்தக் கை அவன்மேல் பட்டுவிட்டது. தேவனுடைய அன்பு ஒரு உடம்பின் வழியாக இன்னொரு உடம்புக்கு வருவதை இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்று. 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்த வழி கண்டவர் அவர். ஒரு நாள் நோயாளி ஒருவரின் தோளில் கைபோட்டபடி சிகிச்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் குலுங்கி அழ ஆரம்பித்தார். தவறாக ஏதாவது சொல்லிவிட்டோமோ என்று டாக்டர் பதறினார். விசாரித்தபோது, பல வருஷமாக யாருமே அவரைத் தொட்டதில்லை, தோளில் கை பட்டதால் அழுகிறார் என்று தெரிந்தது. உடலில் உணர்ச்சி மரத்துப்போகும் நோய் வந்த ஒருவர், ஒரு கை தோளில் பட்டதற்காக அழுதார். அந்த அக்கா கட்டிக்கொண்டபோது நீங்கள் அழுததும் அந்த வகைதான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உடம்பும் அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறது. முடி முளைக்கும் தோலில், மெதுவான இதமான வருடலுக்கென்றே நன்றாகப் பதில் தரும் ஒரு வகை நரம்பிழைகள் இருக்கின்றன. வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், அதாவது ஒரு தாய் பிள்ளையின் தலையை வருடும் வேகத்தில், அவை அதிகம் விழித்துக்கொள்கின்றன. அவற்றின் செய்தி மூளையில் உணர்வுகளோடு தொடர்புள்ள பகுதிக்குப் போகிறது. அம்மா எண்ணெய் தேய்த்தபோது உங்களுக்குக் கிடைத்த அமைதி கற்பனை இல்லை. அது நின்றுபோய் ஏழு மாதம்தான் ஆகிறது. நீங்கள் விசுவாசக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி துக்கம். அம்மாவை இழந்ததோடு அம்மாவின் கையையும் இழந்திருக்கிறீர்கள். அந்த இரண்டாவது இழப்பைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை.

அக்காவைத் தேடுவதில் ஒரே ஒரு காரியத்தை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஒருவர்மேல் முழு பாரத்தையும் வைத்துவிட்டால், அவர் ஒரு ஞாயிறு வராவிட்டால்கூட நீங்கள் உடைந்துபோவீர்கள். உங்களுக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். அப்புறம் நீங்களும் கை கொடுக்கிற இடத்துக்கு வாருங்கள். சங்கத்தில் விதவைகள் இருப்பார்கள், படுக்கையில் கிடக்கும் பாட்டிமார் இருப்பார்கள். சந்திக்கப் போகும்போது அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபியுங்கள். கூடவே, "கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா பாட்டி" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலானவர்கள் கையை விடவே மாட்டார்கள்.

கணவர் சொன்ன "மாம்சம்"

கணவர்மேல் கோபப்பட்டு இதை எழுதவில்லை. அவரும் பெரும்பாலும் தொடாத ஒரு வீட்டில் வளர்ந்தவராகத்தான் இருப்பார். ஆனால் அவர் சொல்லும் உபதேசத்தை ஏற்க முடியாது. கலாத்தியர் 5இல் மாம்சத்தின் கிரியைகளின் பட்டியல் இருக்கிறது. விபசாரமும் வேசித்தனமும் இருக்கின்றன, கூடவே பகைகள், விரோதங்கள், கோபங்கள், சண்டைகள், பொறாமைகளும் இருக்கின்றன. மனைவியின் கையைப் பிடிப்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஈசாக்கு தன் மனைவி ரெபெக்காளோடே விளையாடிக்கொண்டிருந்ததை அபிமெலேக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தான் என்று ஆதியாகமம் 26 சொல்கிறது. அதைப் பார்த்துத்தான் அவர்கள் கணவன் மனைவி என்று அவனுக்குப் புரிந்தது. பகல் நேரத்தில் கணவனும் மனைவியும் நெருக்கமாக இருந்ததை வேதம் ஒரு குறையாகச் சொல்லவில்லை. "ஸ்திரீயைத் தொடாமலிருப்பது மனுஷனுக்கு நல்லது" என்ற 1 கொரிந்தியர் 7இன் முதல் வசனத்தை அவர் காட்டக்கூடும். அடுத்த வசனங்களையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் விலக்கிவைக்க வேண்டாம் என்றுதான் பவுல் அங்கே போதிக்கிறார்.

உங்கள் பக்கத்திலும் ஒரு எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. தம்பதியர் முகாமில் "அன்பின் ஐந்து மொழிகள்" பற்றிக் கேட்டீர்கள், என் மொழி தொடுதல், அது கிடைக்காததால் எனக்கு அன்பே கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க பாப்டிஸ்ட் போதகர் ஒருவர் தன் ஆலோசனை அனுபவத்திலிருந்து 1992இல் முன்வைத்த கருத்து அது. பேச்சைத் தொடங்க உதவும். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு முதன்மை மொழி உண்டு என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை என்றே இதை ஆராய்ந்த உளவியலாளர்கள் சொல்கிறார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது 11 இரவும் கணவர்தான் வராந்தாவில் படுத்திருந்தார் என்று நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இன்னொரு முறை வாசியுங்கள். அன்பு இல்லாதவர் அப்படிச் செய்வாரா?

அதற்காக உங்கள் ஏக்கத்தை விழுங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. கேளுங்கள், ஆனால் சின்னதாகக் கேளுங்கள். குடும்ப ஜெபத்தின் முடிவில் கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது மூன்று பேரும் கைகோத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அதை "மாம்சம்" என்று தள்ள அவருக்குக் கஷ்டமாக இருக்கும். உங்கள் சபையின் திருவிருந்து ஆராதனையிலேயே அதற்கு முன்மாதிரி இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவாகி, 1950இல் திருவிருந்து முறைமையை வகுத்தபோது, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கத்திலிருந்து சமாதான வாழ்த்தைச் சேர்த்துக்கொண்டது. கையோடு கை சேர்த்து ஆளுக்கு ஆள் சமாதானம் கொடுப்பது. உங்கள் கணவர் எத்தனையோ தடவை பக்கத்தில் இருப்பவருக்கு அதைக் கொடுத்திருப்பார். அதே சமாதானத்தை வீட்டில் உங்களுக்கும் கொடுக்கலாம்.

இன்னொன்றைப் பேசிவிடுவது முக்கியம். பல வீடுகளில் கணவனுக்குத் தொடுதல் என்றாலே தாம்பத்தியம் என்றாகிவிட்டது. அதனால் மனைவி பகலில் கையைப் பிடித்தால் அவருக்கு அது வேறு அழைப்பாகத் தோன்றுகிறது, கூச்சம் வருகிறது, வேதவசனத்தைச் சொல்லி ஒதுங்கிவிடுகிறார். "நான் கேட்பது அதற்காக இல்லை. அம்மா போனதிலிருந்து தாங்க முடியவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் போதும்" என்று நேராகச் சொல்லிப் பாருங்கள். கேட்கும் நேரத்தையும் பாருங்கள், விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது வேண்டாம். அவர் முடியாது என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அவருக்கும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு. சில மாதம் முயன்றும் ஒன்றும் மாறவில்லை என்றால், இருவருமாகக் குடும்ப நல ஆலோசகர் ஒருவரைப் பார்ப்பது நல்லது.

மகன் கட்டிப்பிடித்தால் நெளிகிறான் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். 13 வயதில் அது இயல்பு. துரத்தாதீர்கள். பள்ளிக்குக் கிளம்பும்போது தலையில் கைவைத்து ஒரு வரி ஆசீர்வாதம் சொல்லலாமா என்று அவனிடமே கேளுங்கள். நண்பர்கள் முன்னால் மட்டும் வேண்டாம். வேண்டாம் என்று அவன் சொல்வதை வீட்டில் நீங்கள் மதித்தால், வெளியே யாராவது தவறாகத் தொடும்போதும் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவனுக்கு இருக்கும். அப்பாவும் அவன் தோளில் அவ்வப்போது கைபோடட்டும். ஆண்பிள்ளைகளுக்கு அது மிகச் சீக்கிரம் நின்றுபோகிறது.

விழாதவர்களுக்கு அபிஷேகம் இல்லையா?

கைவைத்து ஜெபித்தபோது சூடோ நடுக்கமோ வரவில்லை, விழவில்லை, ஆகவே தேவ அன்பு உங்களைத் தாண்டிப் போய்விட்டது என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். எந்த வசனத்தில் அப்படி இருக்கிறது? குழந்தைகளை இயேசு அணைத்துக்கொண்டு, அவர்கள்மேல் கைகளை வைத்து ஆசீர்வதித்தார். அந்தக் குழந்தைகளுக்கு என்ன உணர்வு வந்தது என்று சுவிசேஷம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. உயிர்த்தெழுந்த பிறகு சில ஸ்திரீகள் அவர் பாதங்களைத் தழுவிக்கொண்டார்கள். தோமாவைத் தம் விலாவில் கையைப் போடச் சொன்னார். மகதலேனா மரியாளிடமோ "என்னைத் தொடாதே" என்றார். மரியாள்மேல் அன்பு குறைந்தா அப்படிச் சொன்னார்? அவளைப் பெயர் சொல்லி அழைத்ததும், சகோதரரிடம் போய்ச் சொல்லும்படி முதல் சாட்சியாக அனுப்பியதும் அவர்தான்.

இந்த விஷயத்தில் சபை ஆரம்பத்திலிருந்தே கவனமாக இருந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பரிசுத்த முத்தத்தால் ஒருவரையொருவர் வாழ்த்துங்கள் என்று பவுல் ரோமருக்கும் கொரிந்தியருக்கும் தெசலோனிக்கேயருக்கும் எழுதினார். பேதுருவும் அன்பின் முத்தம் பற்றி எழுதினார். ஆனால் கி.பி. 200 வாக்கிலேயே ஆதிசபை ஆசிரியர் அலெக்சாந்திரியா கிளெமந்து, உள்ளே அன்பில்லாமல் முத்தத்தின் சத்தத்தால் மட்டும் சபையை நிரப்புகிறவர்களைக் கண்டித்திருக்கிறார். ஆண்கள் ஆண்களுக்கும் பெண்கள் பெண்களுக்கும் என்ற ஒழுங்கும் ஆதிசபையின் பழைய முறைமை நூல்களில் காணப்படுகிறது. தொடுதலை விட்டுவிடாமல் அதற்கு ஒரு வேலி போட்டார்கள். உங்கள் அக்காவின் அணைப்பு அந்த வேலிக்கு உள்ளே நடந்தது. பலர் இருக்கும் இடம், உங்கள் துக்கம் தெரிந்த ஆள், விட்டுவிடு என்றால் விட்டுவிடும் கை. அந்த உள் அறையில் இவை எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, ஒன்றில் உங்களுக்கு ஆறுதல் கிடைத்தது, மற்றதில் கிடைக்கவில்லை, ஆகவே என்னிடம்தான் தடை என்று எண்ண வேண்டாம்.

யாரும் இல்லாத இரவு நேரம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ்ச் சாக வேண்டும் என்று படுத்திருந்தபோது, தேவதூதன் அவனைத் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தொட்டு எழுப்பி, சாப்பிட வைத்து, மறுபடியும் தூங்கவிட்டான். உபதேசம் செய்யவில்லை. துக்கத்தில் இருக்கும் உடம்பை அவ்வளவு சாதாரணமாகக் கவனித்தாலே போதும். வெந்நீரில் குளியுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், அம்மாவின் சேலையைப் போர்த்திக்கொண்டு தூங்க ஆசையிருந்தால் தூங்குங்கள். அது அவிசுவாசம் ஆகாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மறுபடியும் ஆரம்பியுங்கள், எண்ணெய் தேய்த்துவிட அக்காவையே கேட்கலாம்.

ஏழு மாதமாக இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூக்கமில்லை, சமைக்கப் பிடிக்கவில்லை என்று எழுதியதை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. துக்கம் மனச்சோர்வாக மாறியிருக்கிறதா என்று ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். போவதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டுமானால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம். இந்த வாரமே அழையுங்கள், மருத்துவமனைக்குப் போகும்போது கணவரைக் கூட வரச் சொல்லுங்கள். அம்மாவுக்காக வந்தவர் உங்களுக்காகவும் வருவார்.